சாம்பலுக்குள் மூன்று நாள்

மாப்ள,

என் காக்கிச் சட்டையை மூன்று தடவை சோப்புப் போட்டுத் துவைத்தாகிவிட்டது. கும்பார்வாடாக் குயவர்களின் சூளையில் பஞ்சுக் கழிவு எரிகிற அந்தப் புகை இன்னும் கைமடிப்பில் உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரி அதைக் கொடியில் தனியாகத்தான் காயப்போடுகிறாள். இன்று காலை போட்டுக்கொள்ளலாமா என்று முகர்ந்து பார்த்தேன். உடனே நீ வந்துவிட்டாய். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, ஒரு கையில் வெல்டிங் டார்ச்சோடு, "கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்துதியாலே" என்று கேட்டுக்கொண்டு.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கோயில் மலரில் உன் நினைவாக நாலு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நாலு வரியில் நான் என்றைக்கு எதைச் சொல்லி முடித்திருக்கிறேன்? ஏழாம் வகுப்போடு பையைத் தூக்கி எறிந்துவிட்டு ரயில் ஏறியவன்தான். ஆனாலும் பேனாவைப் பிடித்தேன் என்றால் தாராவியில் எனக்குப் பிறகுதான் அடுத்த ஆள். இது உனக்கு எழுதுவது. அவர்களுக்குப் பிடித்தால் போட்டுக்கொள்ளட்டும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் பச்சை பிக்கப் ஓடுகிறது.

எந்த பிளாக் போட்டாய் என்று கேட்பாய். அதே பிளாக்தான். வேறு ஒன்று வாங்கிப் போடவில்லை, டீசல் இஞ்சினைத் தூக்கி வைக்கவில்லை. நாலு சிலிண்டரும் குடைந்த அதே வார்ப்பிரும்புக் கட்டி. அதன் விலாவில் அடித்திருக்கிற அதே நம்பர்.

அந்த வண்டி நம்மிடம் வந்த கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! தாணேயிலிருந்து தேவ்நாரில் இருக்கிற நம் ஷெட் வரைக்கும் அதை நான் ஒருவனாகவே தள்ளிக்கொண்டு வந்தேன் என்பேன். நீ பக்கத்தில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே "பாதி" என்பாய். என் கதைகளுக்கு நீ போட்ட ஒரே திருத்தம் அதுதான். மந்திரி கார் நடுரோட்டில் நின்றதும் நான் என் வீட்டுக்காரியின் ஹேர்பின்னை வைத்து ஓட்டிக் காட்டியதும், "பாதி". மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு லாரியை ஒற்றைத் தோளில் தாங்கியதும், "பாதி". தாணேயிலிருந்து நாம் டெம்போவில் கயிறு கட்டித்தான் இழுத்து வந்தோம். பாதி என்றாலும் அது பொய்தான். ஆனால் அதற்கும் கீழே நீ என்னை இறக்கியதே இல்லை.

தாணேயில் அது ஓர் ஐஸ் வியாபாரியின் வண்டி. மலை ஏறும்போது ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி இஞ்சின் கொதித்திருக்கிறது. டிரைவர் ஐஸ் உருகிய தண்ணீரை அள்ளி அப்படியே ஊற்றியிருக்கிறான். பிளாக்கின் பக்கச்சுவர் வெடித்துவிட்டது. வெடிப்பு ஒரு முழம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு விரல். எல்லாரும் பழைய இரும்பு என்று ஒதுக்கிய வண்டியை நீ சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, முன்மூடியைத் திறந்து, "இது பொழைக்கும்" என்றாய். எனக்கும் அது தெரியும். நான் சொல்வதற்குள் நீ முந்திக்கொண்டாய், அவ்வளவுதான்.

வேறு பிளாக் தேடலாம் என்று நான் சொன்னதற்கு நீ ஒத்துக்கொள்ளவில்லை. வண்டிப் புத்தகத்தில் ஒரு நம்பரும் இஞ்சினில் ஒரு நம்பரும் இருந்தால் ஆர்.டி.ஓ. பாசிங்கில் நிறுத்திவிடுவார்கள் என்றாய். இந்த மாதிரி பிளாக் இன்னொன்று இந்தியாவில் எந்த மூலையில் கிடக்கிறதோ, அதுவும் நமக்குத் தெரியாது. ஆக, வெடித்த வார்ப்பிரும்பை ஒட்டியாக வேண்டும். சாதாரண இரும்பு மாதிரி அதில் நேரே டார்ச்சைக் காட்டினால், ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். மொத்தக் கட்டியையும் தணல் நிறத்துக்குக் காய்ச்சி, சூடு குறையாமல் ஒட்டி, பிறகு மெதுவாக, மிக மெதுவாக ஆறவிட வேண்டும். அவ்வளவு பெரிய அடுப்புக்கு எங்கே போவது?

சூளை யோசனை என்னுடையது என்றுதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். கும்பார்வாடாவில் பானை செய்கிற ஹீராபென்னுடைய மண் பிசைகிற மெஷினின் மோட்டாரைச் சரிபண்ணப் போயிருந்தோம் இல்லையா? டீயைக் கொடுத்துவிட்டு, மருமகள் அவசரப்பட்டுச் சூளையைப் பிரித்ததில் பானைகள் "டிங் டிங்" என்று வெடித்ததை அவள் சொல்லிப் புலம்பினாள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. "பென், உங்க சூளையில இரும்பு வைக்கலாமா?" என்று கேட்டாய். யோசனை உன்னுடையதுதான். இப்போது எழுதிவிட்டேன்.

அந்த முதல் சூடு நடந்து பதினாறு வருஷம். பானைகளை அடுக்குகிற மாதிரியே பிளாக்கை அடுக்கி, பஞ்சுக் கழிவையும் மரத்தூளையும் மூடிப் பற்றவைத்தார்கள். மத்தியானம் அது உள்ளே மங்கின சிவப்பாக நின்றபோது, வெடிப்பு இருக்கும் பக்கத்தை மட்டும் திறந்து நீ டார்ச்சைப் பிடித்தாய். ஒட்டுக்கம்பிக்குப் பழைய பிஸ்டன் ரிங்குகளை உடைத்து வைத்திருந்தாய். வார்ப்பிரும்புக்கு வார்ப்பிரும்பையே உருக்கி ஊற்ற வேண்டும் என்பது உன் கணக்கு. நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, முகம் வெந்துபோகிற சூட்டில் ஒரு மணி நேரம் குனிந்து நின்றாய். நான் உனக்கு விசிறினேன். பேசிக்கொண்டும் இருந்தேன். முடிந்ததும் ஹீராபென் சாம்பலைக் குவித்து மூடி, என் முகத்துக்கு நேரே மூன்று விரலை நீட்டினாள். நாற்பது வருஷம் நம் ஆட்களோடு பேசிப் பழகிய தமிழ் அவளுடையது. "தீன் தின். மூணு நாளு. ஹாத் லகாயா தோ கயா. கை வச்சே, போச்சு."

நீயும் என் பக்கம் திரும்பி, "கை வைக்கணும்னு தோணுச்சுன்னா ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றாய்.

மறுநாள் நீ கேஸ்கெட் வாங்க கிராண்ட் ரோடுக்குப் போனாய். எனக்குக் கை வைக்கத் தோன்றியது. நீ சொன்னபடியே டீ குடிக்கத்தான் போனேன். அங்கேதான் கெட்டது. கடையில் முன்பின் தெரியாத நாலு பேர். அவர்களிடம் பிளாக்கை ஒட்டின கதையைச் சொன்னேன். ஒட்டினது நான் என்றுதான் சொன்னேன். "எங்க, காட்டும் பாப்போம்" என்றான் ஒருவன். ஆறிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. மேல் சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. மண்வெட்டியை எடுத்துத் தோண்டினேன். காற்று பட்டதும் உள்ளேயிருந்து "டிங்" என்று ஒரு சத்தம் வந்தது. டீக் கடை மணியைவிடச் சின்னச் சத்தம்.

நீ ஒட்டின இடம் அப்படியே இருந்தது. அதன் முனையிலிருந்து இன்னொரு வெடிப்பு கிளம்பி, முன்னைவிட நீளமாகக் கீழே இறங்கியிருந்தது. இதில் நான் அளவைக் கூட்டவில்லை. ஒன்பது விரல்.

நீ கேஸ்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தாய். பிளாக்கைப் பார்த்தாய். மண்வெட்டியைப் பார்த்தாய். "சூடு ஆறல போல" என்றாய். வேறு ஒன்றுமே சொல்லவில்லை. கடன்காரா, படுபாவி என்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன், சண்டை ஆகியிருக்கும், முடிந்திருக்கும். ஹீராபென்னின் புருஷன்தான் கத்தினார். இனிமேல் தன் சூளையில் இரும்பு ஏறாது என்று சொல்லிவிட்டார். கும்பார்வாடா முழுக்க அந்தச் சொல் பரவி, மற்றவர்களும் கையை விரித்துவிட்டார்கள்; வெளியே நம் ஆட்களின் காதுக்கு மட்டும் அது எட்டவில்லை. பிளாக் தேவ்நார் ஷெட் மூலைக்கு வந்தது. கேஸ்கெட் ஆணியில் தொங்கியது.

வண்டி ஏன் ஓடவில்லை என்று எஸ்தர் கேட்டபோது நீ சொன்னது ஒரே பதில். "சாமான் கிடைக்கல."

மலரில் படிக்கிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும்: எஸ்தர் உன் வீட்டுக்காரி. உன்னை மாப்ள என்று கூப்பிடுகிற முறையில் எனக்குத் தங்கச்சி. கல்யாண வீட்டுக்கும் கோயில் அசன விருந்துக்கும் நாற்காலி, அண்டா, வாளி எல்லாம் வாடகைக்கு விடுகிறாள். முகூர்த்த நாளில் டெம்போ கிடைக்காமல் அவள் அலைகிற அலைச்சலைப் பார்த்துத்தான் நீ அந்த பிக்கப்பையே வாங்கினாய். அவள் அந்தப் பதினாறு வருஷமும் டெம்போக்காரர்களிடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் நான் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் டெம்போ வராமல் நூறு நாற்காலியைக் கைவண்டியில் அனுப்பியிருக்கிறாள்.

"சாமான் கிடைக்கல, சாமான் கிடைக்கலன்னு எத்தன வருஷம் சொல்லுவீக? இந்த பம்பாயில கிடைக்காத சாமான் உண்டுமா? கைக்கு மடி புடிச்சிருக்கு, அதான் சங்கதி. ஊரான் வண்டின்னா நல்லா ஓடும். சொந்த வண்டிக்கு மட்டும் சாமான் கிடைக்காது."

நீ தலையைத் தூக்காமல், "அவனுக்கு இன்னொரு துண்டம் வையி" என்றாய்.

வைத்தாள். சாப்பிட்டேன். வாவல் மீன்.

போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். அடக்க வேலைகளெல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்து, எஸ்தர் மெதுவாகத் திலக் நகர் வீட்டிலிருந்து நாற்காலிக் கோடவுனுக்கு வரத் தொடங்கிய பிறகு, ஷெட்டுக்காரன் இடத்தைக் கேட்டான். மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும். அவள் என்னைக் கூப்பிட்டு நேராகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, அந்த இஞ்சினு தேறுமா தேறாதா? தேறும்னா நான் வண்டிய வச்சுக்கிடுதேன். தேறாதுன்னா பங்கார்க்கார இசக்கிக்கிட்ட சொல்லிட்டேன், அவன் வந்து பழைய இரும்புக்கு அறுத்து எடுத்துக்கிட்டுப் போவான். நடுவுல ஒண்ணும் வேண்டாம்."

"தேறும்" என்றேன். "ஒங்க வீட்டுக்காரருக்கு வெல்டிங் சொல்லிக் குடுத்ததே நாந்தான், தெரியும்லா?"

மாப்ள, நீ சிரிக்காதே. நான் சைலன்சர் குழாய் ஒட்டினவன். டிரம் ஒட்டினவன். வார்ப்பிரும்பு பிளாக்கைத் தணலில் வைத்து ஒட்டுவது உன் கை. சீத்தா கேம்பிலிருந்து குர்லா வரைக்கும் விசாரித்தேன். பசை தடவித் தருகிறேன் என்றான் ஒருவன். வேறு இஞ்சின் மாற்றிவிடு சாச்சா என்றான் இன்னொருவன். சூளைச் சூட்டில் நின்று ஒட்ட ஒருத்தனும் வரவில்லை.

ஹீராபென்னிடம் போனேன். அவள் புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். கிழவிக்குக் கண் கொஞ்சம் மங்கல், ஆனால் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "ஃபாவ்டாவாலா" என்றாள். மண்வெட்டிக்காரன். பதினாறு வருஷமாக அங்கே எனக்கு அதுதான் பெயராம். உன் பெயரைச் சொன்னேன். நீ போய்விட்டதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை சூளை பற்றவைக்கத் தன் முறை வருகிறது, பிளாக்கைக் கொண்டு வா என்றாள். ஒரே நிபந்தனை: சாம்பலைப் பிரிக்கிற நேரத்தை அவள் பூனைதான் சொல்லும்.

எனக்கு முதலில் புரியவில்லை. அந்தச் சாம்பல் நிறப் பூனை எப்போதும் ஆறிக்கொண்டிருக்கிற சூளைமேல்தான் தூங்குமாம். உள்ளே கொஞ்சம் சூடு இருக்கிறவரைக்கும் எழுந்திருக்காது. அது எழுந்து வேறு இடம் பார்த்துப் போனால்தான் உள்ளே முழுக்க ஆறிவிட்டது என்று அர்த்தம். மனிதன் கை மேல்சாம்பலைத்தான் பார்க்கும், பூனை வயிறு அடியைப் பார்க்கும் என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் டார்ச்சைப் பிடித்தேன். உன் தகர டப்பாவில் பிஸ்டன் ரிங்குகளைத் துண்டு துண்டாக உடைத்து, துருப்பிடிக்காமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தாய். இன்னொரு தடவை ஒட்டுவதற்கென்றே வைத்திருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. நான் பேசாமல் வெல்டிங் அடித்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு மணி நேரம்தான். நீ செய்தபடியே செய்தேன்: வெடிப்பின் இரண்டு முனையிலும் முதலிலேயே சின்ன ஓட்டை போட்டு, நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக. புருவம் பொசுங்கியது. ஒட்டு உன்னுடையது மாதிரி வழவழப்பாக வரவில்லை, கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே உருகிச் சேர்ந்தது. ஹீராபென் சாம்பலை மூடினாள். கொஞ்ச நேரத்தில் பூனை வந்து மேலே சுருண்டது.

இதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சனிக்கிழமை கோயில் கேட்டில் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். "எப்ப வே தெரியும்?" என்று கேட்டார்கள். மூன்று நாள் என்று சொன்னால் பயந்துவிட்டேன் என்று நினைப்பார்களோ என்னவோ. "என் முறையில செஞ்சா இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஆறிரும். நாளைக்கு ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வாங்க, கண்ணால பாருங்க" என்று சொல்லிவிட்டேன். எஸ்தர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வந்தார்கள். இருபது. எல்லாரும் கோயில் உடுப்பில், சூளை முற்றத்தில் பானைகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லாமல் நின்றார்கள். எஸ்தர் வேதாகமப் பையோடு வந்தாள். பக்கத்தில் பங்கார்க்கார இசக்கி. அவன் தன் வண்டியையும் கேஸ் கட்டரையும் தேவ்நார் ஷெட் வாசலிலேயே தயாராக நிறுத்திவிட்டு வந்திருந்தான். பூனை சாம்பல்மேல் நல்ல தூக்கத்தில் இருந்தது.

"என்ன வே, ஆறிட்டா?" என்றான் இசக்கி.

"இன்னும் இல்ல."

"நேத்தே ஆறிரும்னீரு?"

எஸ்தர் முன்னால் வந்தாள். "எடுத்துக் காட்டுங்க அண்ணாச்சி. நாளைக்குக் காலைல ஷெட்டுக்காரன் பூட்டுப் போட்டுருவான். நல்லா இருந்தா வண்டிய வச்சுக்கிடுதேன். இல்லன்னா இன்னைக்கே போகட்டும். இனியும் இழுக்க என்னால முடியாது."

"நாளைக்குச் சாயங்காலம் காட்டுதேன்மா."

"நேத்து ராத்திரிக்குள்ள ஆறிரும்னு நீங்கதான சொன்னீக? கோயில் கேட்ல வச்சுச் சொன்னீகள்லா?"

"சொன்னேன்."

"உள்ள வெடிச்சிருக்கும்" என்றான் இசக்கி. "அதான் திறக்கப் பயப்படுதாரு. விடும் வே, எத்தன பேரு இரும்ப நான் பாத்திருக்கேன். பூனைக்கு வலிக்காம எடுத்துக் காட்டுதேன்." சுவரோரம் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துவிட்டான்.

கட்டிலில் இருந்து ஹீராபென் ஏதோ கத்தினாள். அவன் காதில் வாங்கவில்லை. நான் போய்ப் பூனைக்குப் பக்கத்தில் சாம்பல்மேல் உட்கார்ந்துவிட்டேன். மேல்சாம்பல் ஆறியிருந்தது. உட்கார்ந்து அழுத்தியதும் அடிச்சூடு மேலே வந்தது. பூனை எப்படித் தாங்குகிறதோ தெரியவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"நேத்து ஆறிரும்னு சொன்னது புளுகு" என்றேன். "மூணு நாள் ஆகும். அதுக்கு முந்தித் தொட்டா வெடிக்கும்."

"ஒமக்கு எப்படித் தெரியும்?" என்றான் இசக்கி.

சிரித்தார்கள். எனக்கு எத்தனையோ பதில் தெரியும். ஜெர்மனிக்காரன் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். கனவில் வந்தது என்றுகூடச் சொல்லலாம், கோயில் கூட்டம், நம்பியிருப்பார்கள். ஆனால் அதில் எதைச் சொன்னாலும் இசக்கி மண்வெட்டியைக் கீழே போடமாட்டான் என்று தெரிந்தது. என் பேச்சின் மதிப்பு அவனுக்குத் தெரியும்.

"எப்படின்னா, போன தடவ இதே இடத்துல ஒரே நாள்ல தோண்டினது நாந்தான். பதினாறு வருஷத்துக்கு முந்தி. அவன் ஒட்டினது ஒழுங்கா இருந்துச்சு. நான் நாலு பேருக்குக் காட்டணும்னு மண்வெட்டியப் போட்டேன். வெடிச்சிட்டு. எஸ்தரு, சாமான் கிடைக்காம இல்ல. நாந்தான் உடைச்சேன்."

சிரிப்பு நின்றது. எஸ்தர் இன்னும் ஓரடி முன்னால் வந்தாள்.

"அப்போ அவுகள நான் பேசின பேச்செல்லாம்?" என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"மடியன்னு சொன்னேன். கையாலாகாதவருன்னு சொன்னேன். ஆசுபத்திரிக் கட்டில்ல கெடக்கும்போதும் அந்த வண்டியச் சொல்லிக் காட்டினேன் அண்ணாச்சி. நீங்க எங்க வீட்ல ஒக்காந்து சாப்டுக்கிட்டே கேட்டீக."

"ஆமா" என்றேன். "சாப்பிட்டேன்."

அவள் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். இசக்கியிடம், "மண்வெட்டியக் கீழ வையும்" என்றாள். வைத்தான். "ஒம்ம வண்டியிலயே கயிறு கட்டி அந்த பிக்கப்ப என் கோடவுனுக்கு இழுத்துக் குடும்." அறுக்க வந்தவன் இழுக்கப் போனான். பிறகு என்னிடம் சொன்னாள்: "இது முழுசா வந்தா வரட்டும், உடைஞ்சா உடையட்டும். எங்கிட்ட பேச வராதீக."

எல்லாரும் போன பிறகுதான் எழுந்தேன். கால்சட்டைப் பின்பக்கம் பழுப்பேறியிருந்தது. ஹீராபென் ஒரு பானைத் தண்ணீரைக் காட்டி, அதில் உட்கார் என்றாள்.

திங்கள்கிழமை மத்தியானம் பூனை எழுந்து, சோம்பல் முறித்து, எதிர்த் தகரக் கூரைக்குப் போய்ப் படுத்தது. ஹீராபென் தலையசைத்தாள். பிளாக்கை எடுத்து ஸ்பேனரால் தட்டினேன். உடைந்திருந்தால் சத்தம் செத்து வரும். முழுசாக வந்தது. ஒட்டின இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவி, ஒரு மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே வெடிப்பு இருந்தால் எண்ணெய் கசிந்து பொடியில் கோடு விழும். கோடு விழவில்லை. கீழ்முனையில் ஒரே ஒரு ஈரப் புள்ளி, கடுகளவு. அதைத் துளைத்து மரை போட்டுப் பித்தளை ஆணி இறக்கினேன். காய்ந்ததில் சிலிண்டர்கள் கொஞ்சம் கோணியிருந்தன. லேத்துக்குக் கொண்டுபோய்ப் போரிங் போட்டு, மேல்முகத்தைச் சமன் பண்ணி வாங்கினேன்.

பிறகு ஆறு வாரம் நாற்காலிக் கோடவுன் வாசலில் வேலை. வால்வு, பேரிங், எல்லாம் உன் அளவு. எஸ்தர் அந்த வழியாகத்தான் போவாள், வருவாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் டீ மட்டும் மட்கார்டுமேல் வந்து உட்காரும். நான் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பேன். ஆறு வாரம் நான் யாரிடமும் பேசாமல் வேலை பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். பாதியாவது நம்பு.

ஸ்டார்ட் பண்ணின அன்று கைப்பிடியைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றினேன். இருமியது. ஐந்தாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. முதலில் நீலப் புகை. பிறகு தெளிந்து, மூன்று சிலிண்டரில் தடுமாறி, நாலாவதும் சேர்ந்துகொண்டு, சீராக நின்றது. ஒட்டின இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை.

எஸ்தர் வந்து நின்றாள். "அணைங்க" என்றாள். ஆறு வாரத்தில் முதல் வார்த்தை. அணைத்தேன். "மறுபடி எடுங்க." எடுத்தேன். "அணைங்க. இன்னொரு தடவ." என் பேச்சை அவள் அதற்குமேல் நம்பத் தயாரில்லை, அது நியாயம்தான். மூன்று தடவையும் பிடித்தது. "சரி, நாற்காலிய ஏத்தச் சொல்லுங்க, செம்பூர்ல அசனம்" என்று சொல்லிவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சுன்னாபட்டி தாண்டினோம். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவுக ஏன் எங்கிட்ட சொல்லல?"

"தெரியலம்மா" என்றேன். அது உண்மையில்லை. எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், மாப்ள. நம் ஷெட்டுக்கு ஆட்கள் வந்தது உன் கையால். ஆனால் வாசல் வரைக்கும் அவர்களைக் கொண்டுவந்தது என் வாய். இந்த ஆள் சூட்டோடு பிளாக்கை வெடிக்கவைத்தவன் என்று ஒரு சொல் வெளியே போயிருந்தால் என்னிடம் ஒருத்தனும் இஞ்சினைக் கொடுத்திருக்க மாட்டான். நீ எனக்காக மடியன் என்ற பெயரை வாங்கிக்கொண்டாய். அடுத்த சிக்னலில் இதை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டாள். மன்னித்தாளா என்று தெரியாது. அடுத்த வாரமும் வண்டி ஓட்டக் கூப்பிட்டாள்.

இப்போது முகூர்த்த நாளெல்லாம் நான்தான் ஓட்டுகிறேன். சயன் சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு டாக்ஸிக்காரன், "சாச்சா, இஞ்சின் அசலா? யார் செஞ்சது?" என்று கேட்டான். எஸ்தர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மற்றதெல்லாம் நான் விடுவதாக இல்லை. மந்திரி கார், மாட்டுங்கா லாரி, எல்லாம் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த வண்டியின் கதைக்கு மட்டும் நான் சதை வைப்பதில்லை. டாக்ஸிக்காரனிடம் சொன்னேன்: "இவுங்க வீட்டுக்காரரு ஒட்டினாரு. நான் அவசரப்பட்டு உடைச்சேன். ஒம்போது விரல். அப்புறம் அவரு வச்சிருந்த கம்பியால நானே ஒட்டினேன்." பச்சை விழுந்தது. கியரைப் போட்டேன், பின்னால் நூற்றைம்பது நாற்காலியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"நூத்தி இருவது" என்றாள் எஸ்தர்.

நான் நாற்காலியைப் பற்றி வாய் திறக்கவே இல்லை மாப்ள. மனசில் நினைத்ததுதான்.